முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு

கடல் மீனுக்கு மண்புழு ஆகாது. ஏரியில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் முதலில் செய்கிற தவறு அதுதான். உப்புத் தண்ணீரில் இறக்கியதும் புழு வெளுத்துத் துவண்டு, நனைந்த நூல்போலத் தொங்கும். எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. உயிருள்ள இறால் வேண்டும். அதையும் வால் பக்கமாகக் கோக்க வேண்டும். தலையில் குத்தினால் செத்துவிடும். போன வருஷம் கோடையில் நானும் என் தங்கை புருஷனும் பழவேற்காட்டில் முதல் தடவை போய் இறங்கியபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தகர டப்பா நிறைய மண்புழு கொண்டுபோயிருந்தோம். கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐயா, நீங்கள் தெலுங்கில் கேட்கிறீர்கள். எனக்கும் தெலுங்கு வரும், சந்தையில் பேசுகிற அளவுக்கு. ஆனால் இதைத் தமிழில்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் தனக்கு இரண்டும் தெரியும் என்கிறார். அவர் எழுதிக்கொள்ளட்டும். என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகத்தான் நடந்து வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். "நிதானங்கா செப்பு" என்றீர்கள். நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் கோவர்த்தனன். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை, மேட்டில் வேர்க்கடலை போடுகிற நிலம், ஒரு கிணறு. நைனாவையும் அம்மாவையும் ஒரே வாரத்தில் காலரா கொண்டுபோனபோது என் தங்கை சுந்தரிக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. அவளுக்குச் சோறு ஊட்டியது நான். தலை பின்னிவிட்டது நான். அவள் வயசுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுச் செங்கம்மாவைக் கூப்பிட்டு என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்ததும் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னொருத்தி வந்தால் வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். சுந்தரி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். அது எனக்குச் சம்மதமில்லை.

அவளைக் கேட்டு நல்ல இடங்கள் வந்தன. நகரியிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் பூ வைக்க நாள் கேட்டார்கள். நான் அவர்களைத் தனியாக அழைத்துப்போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். பொய் இல்லை. குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலில் ஒரு தடவை கை கால் வெட்டி இழுத்தது. வடமாலபேட்டையிலிருந்து வந்தவர்களுக்கும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் பெண்ணைக் கட்டிக்கொண்டுபோய் எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? தெரியாத இடத்துக்கு அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது நல்லது.

வீராசாமியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவன். குடிபாலா பக்கம் சொந்த ஊர். ஆனால் அங்கே அவனுக்கு ஒருவரும் இல்லை. தாய் மாமன் வீட்டில் வளர்ந்து, மாமனும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாள். பொறுப்பானவன். குடிக்க மாட்டான். யாரோடும் சண்டை போட மாட்டான். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொன்னேன். "எனக்கு மட்டும் வேற எங்க வூடு கீது மச்சான்?" என்று சிரித்தான். திருப்பதியில் மாலை மாற்றி அழைத்துவந்தேன். என் அறைக்கு அடுத்த அறையைக் கொடுத்தேன்.

நடுவில் இருந்த சுவர் மெல்லியது. அவர்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. சுந்தரி சிரிப்பாள். அவ்வளவு நேரம் அவளால் சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அதைக் குறை சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகும் அது கேட்டுக்கொண்டிருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

பிறகு எல்லை மாறியது. உங்களுக்குத் தெரியாததா? சித்திரை பிறக்கும் முன்பே எங்கள் ஊர் ஆந்திரா என்று ஆகிவிட்டது. ஜில்லா செங்கல்பட்டிலிருந்து சித்தூர் ஆனது. ஊர்ப் பெயர்ப்பலகையில் தெலுங்கு எழுத்து ஏறியது. சிலர் தேரடியில் கூடிக் கத்தினார்கள்; சிலர் வெல்லம் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. கிணறும் அப்படியே.

அந்தக் கோடையில் எங்கள் ஏரி வற்றி வெடித்துவிட்டது. வருஷா வருஷம் நாங்கள் இருவரும் விரால் பிடிக்கிற பள்ளத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் லீவு. வீராசாமியால் சும்மா இருக்க முடியாது.

"உப்புத் தண்ணில போட்டுப் பாக்கலாமா மச்சான்? பழவேற்காடு இன்னா தூரம்? பஸ் மாறிப் போனா பொழுதுக்குள்ள போயிடலாம்."

அப்படித்தான் போனோம். யோசனை அவனுடையது. இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏரியைப் போல இல்லை அந்தத் தண்ணீர். ஏரியில் ஒரு கரையில் நின்றால் மறு கரை தெரியும். எங்கே மதகு, எங்கே பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கே வடக்கே பார்த்தால் வானமும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். பல இடங்களில் முழங்கால் ஆழம்தான்; பத்தடி தள்ளிப் போனால் ஆளை மூழ்கடிக்கும் வாய்க்கால். முகத்துவாரத்துப் பக்கம் கடல் உள்ளே வரும், வெளியே போகும். காலையில் இருந்த மணல்மேடு மாலையில் இருக்காது.

பச்சையம்மாள் என்ற மீனவப் பெண்மணிதான் எங்களுக்குச் சின்னப் படகு கொடுத்தாள். புருஷனைக் கடலில் இழந்தவள். படகை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குச் சோறும் ஆக்கிப்போட்டுப் பிழைத்தாள். மண்புழு டப்பாவை வாங்கி அவளே கோழிக்குக் கொட்டினாள். இறால் கோக்கவும், படகு சேற்றில் மாட்டினால் மூங்கில் கோலை ஊன்றித் தள்ளி விடுவிக்கவும் கற்றுக்கொடுத்தாள்.

"இங்க எங்க வேணா போங்க சாமி. முகத்துவாரத்தாண்ட மட்டும் போவாதீங்க. அங்க மண்ணு நவுந்துக்கினே இருக்கும். வத்தம்னா மேடு தெரியும், ஏத்தம் வந்தா ஆளையே தூக்கிடும்."

தண்ணீர் இறங்குவதை வற்றம் என்றும் ஏறுவதை ஏற்றம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டும் அதிகம். இதை அன்றைக்கு நான் சும்மா கேட்டுக்கொண்டேன்.

வீராசாமிக்கு நீச்சல் தெரியாது. குடிபாலாவில் கிணற்றில்கூட இறங்கியதில்லை என்பான். ஆனால் பயமும் கிடையாது. படகின் முனையில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பக்கம் போங்க, இப்ப இந்தப் பக்கம் போங்க" என்று காட்டிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு வாய்க்காலும் எங்கே போய் முடிகிறது என்று அவனுக்குப் பார்த்தாக வேண்டும். கூழைக்கடா கூட்டமாக இறங்கினால் தூண்டிலை மறந்துவிட்டு வாய் பிளந்து பார்ப்பான்.

"கோடு போட்டாங்களே மச்சான், அது இந்தத் தண்ணில எங்க போவுது? மீனு இப்ப மெட்ராஸ் மீனா, ஆந்திரா மீனா?"

நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் அவனோடு நன்றாகத்தான் இருந்தேன். நாலு மடவை மீனும் ஒரு கிழங்கானும் கிடைத்தன. சுந்தரி குழம்பு வைத்தாள். பெரிய துண்டை எனக்குத்தான் வைத்தாள்.

இரண்டாம் தடவை போனபோதுதான் அவன் அந்த விஷயத்தைச் சொன்னான். படகு ஒரு சேற்றுத் திட்டின் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறியிருந்தது. தூண்டில் நூலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எல்லை மாறுனதுல வாத்தியாருங்களுக்கு எந்தப் பக்கம் வேலை வேணும்னு கேட்டாங்க மச்சான். மெட்ராஸ் பக்கம்னு எழுதிக் குடுத்துட்டேன். சித்தூருக்குப் போயி தெலுங்குப் பரீட்சை எழுதற வயசா எனக்கு? இங்கயே இந்தக் கரையில ஒரு பள்ளிக்கூடத்துல இடம் கீதாம். லீவு முடிஞ்சதும் வரச் சொல்லிட்டாங்க."

நான் தூண்டிலை இழுத்து, இறால் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"சுந்தரிக்கு ரொம்ப சந்தோஷம். கடல் பாத்ததே இல்லயே அவ. பாத்திரம்லாம் கட்டி வெச்சிட்டா. உங்ககிட்ட எப்பிடி சொல்றதுன்னுதான் பயந்துக்கினு இருந்தா. நான் சொல்றேன்னு வந்தேன்."

அப்படியென்றால் என்னிடம் கேட்பதற்கு முன்பே அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். பாத்திரம் கட்டியிருக்கிறாள். அந்த மெல்லிய சுவருக்கு அப்பால் அவர்கள் பேசிக்கொண்டிருந்தது இதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் என்னையும் கூப்பிட்டான். "நீங்களும் வந்துடுங்க மச்சான். நெலத்த வாரத்துக்கு வுட்டுட்டு வாங்க. மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம், தெனம் மீனு புடிக்கலாம்" என்றான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் அது அவன் வீடாக இருக்கும். நான் அங்கே விருந்தாளி. சோறு போடுகிறவள் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போடுவாள். அது எப்படி முடியும்?

"பாக்கலாம் மாப்ள" என்றேன். அன்றைக்கு எனக்கு நல்ல மீன் கிடைத்தது. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாகப் பழவேற்காட்டுக்குப் போய்வந்தேன். வீட்டில் வித்துக்கடலை வாங்கப் பொன்னேரிக்குப் போகிறேன் என்று சொன்னேன். தூண்டில் எடுத்துப்போகவில்லை. பச்சையம்மாள் எதற்கு என்று கேட்டாள். நல்ல இடம் பார்த்து வைக்கிறேன், மாப்பிள்ளைக்கு ஒரு கொடுவா மீன் பிடித்துக் காட்ட வேண்டும் என்றேன். அது உண்மை. கொடுவா முகத்துவாரத்து வாய்க்காலில்தான் அதிகம்.

அங்கே போனேன். மூங்கில் கோலை ஊன்றி ஊன்றிப் பார்த்தேன். முகத்துவாரத்துக்கு உள்பக்கமாக, வற்றத்தில் ஆமை முதுகுபோல மணல்திட்டு ஒன்று எழும்புகிறது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆழ வாய்க்கால். மேற்கே, வாய்க்காலுக்கு இப்பால், கண்டல் செடி அடர்ந்த சேற்றுக்கரை. நான் அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் படகைக் கட்டிவிட்டு, பகல் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். திட்டு நனைந்தது, சுருங்கியது, பிறகு இல்லாமல் போனது. இறங்கி நீந்திப் போய் நின்று பார்த்தேன். எனக்கு மார்புக்கு வந்தது. வீராசாமி என்னைவிடக் குட்டை. காலடியில் மணல் கரைந்துகொண்டே இருந்தது. நீச்சல் தெரிந்த எனக்கே நிற்பது கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு அமாவாசையும் இல்லை.

அமாவாசை வந்தது. நாங்கள் போனோம். ஊரில் யாரும் அன்று வலை இறக்குவதில்லை; தண்ணீரில் வேறு படகே இல்லை. பச்சையம்மாள் தயங்கினாள்.

"இன்னிக்கி வேணாம் சாமி. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டீங்க, சரி, கரையோரமா போட்டுக்கினு வந்துடுங்க."

வீராசாமி அவளிடம், "எங்க மச்சான் இடம்லாம் பாத்து வெச்சிருக்காரு ஆயா, கவலப்படாத" என்றான்.

மதியத்துக்கு மேல் திட்டில் இறங்கினோம். மணல் சுட்டது. அவன் குழந்தை மாதிரி அதன்மேல் ஓடினான். "ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல நான் மட்டும், எந்த ராஜாங்கமும் இல்ல மச்சான்" என்றான். இறாலைக் கோத்து வாய்க்காலில் வீசினான். கொஞ்ச நேரத்தில் நூல் இழுபட்டது. அவன் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, நூல் கையை அறுக்க அறுக்க இழுத்தான். கொடுவா. அவன் கை நீளம் இருந்தது. வெயிலில் வெள்ளிபோல மின்னியது. அவன் வாழ்நாளில் பிடித்த மிகப் பெரிய மீன் அது. அந்தச் சந்தோஷம் அவனுக்குக் கிடைத்ததில் எனக்குத் திருப்திதான். மறுபடியும் இறால் கோத்தான்.

குடிதண்ணீர்ப் பானையைப் பச்சையம்மாள் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். மறக்க வேண்டும் என்று நினைத்து மறந்தது. படகில் போய் எடுத்துவருகிறேன் என்றேன்.

"இந்த மீன எடுத்துக்கினு போங்க மச்சான், வெயில்ல கெட்டுடும். நெழல்ல வெச்சிடுங்க. சுந்தரி பாக்கணும் இத."

மீனைப் படகில் வைத்தான். படகைத் தள்ளிவிட்டதும் அவன்தான்.

நான் வாய்க்காலைக் கடந்து, கண்டல் செடிகளுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் படகை நிறுத்தினேன். பிறகு உட்கார்ந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அவன்மேல் கை வைக்கவில்லை.

கடல்காற்று எழுந்தது. தண்ணீர் உள்ளே திரும்ப ஆரம்பித்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். படகு போகாமல் நிற்பதைப் பார்த்தான். துண்டை எடுத்து வீசினான். காற்று அவன் பக்கமிருந்து என் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் பேசினால் அவனுக்குக் கேட்காது. அதனால் பேசவில்லை.

"மச்சான்! சேத்துல மாட்டிக்கினீங்களா?"

நான் அசையவில்லை.

"எறங்காதீங்க! நடுவுல ஆழம் ஜாஸ்தி! அங்கயே இருங்க, யாரனா வருவாங்க!"

திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அவன் நடுவுக்கு நகர்ந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். முழங்காலுக்கு வந்தது. அப்போதும் என்னைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான், நான் நின்னுக்கினு இருக்கறேன்! அவசரப்பட்டு எறங்கிடாதீங்க!"

அவன் நல்லவன் இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

இடுப்புக்கு வந்தபோது அலை அவனைப் பக்கவாட்டில் தள்ளியது. தூண்டில் கழியை மணலில் குத்தி அதைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் கொஞ்ச நேரம் அவன் கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் செடிக்கு மறைவில் இல்லை. படகில் நேராக உட்கார்ந்திருந்தேன். கோல் என் மடிமேல் இருந்தது. படகு சேற்றில் சிக்கவில்லை, ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதைப் பார்த்திருப்பான். அவன் முகம் எப்படி இருந்தது என்று அத்தனை தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. சூரியனும் என் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண் கூசியிருக்கும். பிறகு ஒரு அலை வந்தது. அடுத்த அலைக்கு அங்கே கழி மட்டும் மிதந்தது.

உடனே கிளம்பவில்லை. அவசரமாகப் போவது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. வெளிச்சம் போகும்வரை இருந்துவிட்டுக் கரைக்கு வந்தேன். அழுதேன். அது நடிப்பில்லை. படகு சேற்றில் மாட்டிக்கொண்டது, விடுவிப்பதற்குள் ஏற்றம் வந்துவிட்டது என்று சொன்னேன். ஆண்கள் விளக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பச்சையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோலு உங்கிட்டதான இருந்துச்சி?" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

கொடுவாவை அவளிடம் கொடுத்தேன். வீணாக்க மனசில்லை. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, நாய்கள் இழுத்துப்போயின.

உடல் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவுக் கரையில் ஒதுங்கியது. செத்தது மெட்ராஸ் தண்ணீரில், கிடைத்தது ஆந்திர மணலில். இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கம் போ என்றார்கள், அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் போ என்றார்கள். எல்லை புதிது, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் தண்ணீரில் தவறி விழுந்த சாவு என்று எழுதி முடித்தார். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தக் கோடு வீராசாமிக்குத்தான் இல்லாத ஆசையைக் கொடுத்தது; எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

சுந்தரி கட்டிவைத்திருந்த பாத்திர மூட்டையை நானே அவிழ்த்து, ஒவ்வொன்றும் முன்பு இருந்த இடத்தில் அடுக்கினேன். அவள் வயிற்றில் ஒன்று இருந்தது. அது ஆடி மாசம் கலைந்தது. அதற்கு நான் காரணமில்லை. வேண்டுமானால் செங்கம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அவள்தான் கூட இருந்தாள். அது இருப்பது எனக்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். படகை அதே இடத்தில்தான் நிறுத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான். வீடு அமைதியாக இருந்தது. நாங்கள் இருவரும் பொழுது சாய்ந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். சுவருக்கு அப்பால் சத்தமே இருக்காது. அவள் சிரிக்கவில்லை என்பது உண்மை. துக்கம் நடந்த வீட்டில் யார் சிரிப்பார்கள்? நாளானால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

இந்த வருஷம் திதிக்குப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்றாள். அழைத்துப்போனேன். நான் கடலில் முழுகிவிட்டு வந்தபோது அவளும் பச்சையம்மாளும் படகுக் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். திரும்பிவரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ண்ணா, கோலு யார்கிட்ட இருந்துச்சி?"

"என்கிட்டதான்" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் நான் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. கொல்லையில் மூன்று கல் வைத்துத் தனியாகப் பொங்கிக்கொள்கிறாள். இரவில் செங்கம்மா வீட்டில் போய்ப் படுக்கிறாள். உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்கிறது. ஏதோ விரதம் என்று நினைக்கிறேன். புருஷனை இழந்த பெண்கள் அப்படி ஏதாவது எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்கவில்லை.

ஆனால் நேற்று செங்கம்மா வந்து சொன்னாள்: வீராசாமியோடு வேலை பார்த்த ஒரு வாத்தியார் இருக்கிறார், அவர் மனைவி கமலம்மா மெட்ராஸில் சுந்தரிக்கு டீச்சர் ட்ரெய்னிங்குக்கு இடம் பார்த்திருக்கிறாளாம். விடுதியிலேயே தங்கிக்கொள்ளலாமாம். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறாளாம். இந்தத் தடவையும் என்னிடம் கேட்கவில்லை. பாத்திரம்கூடக் கட்டவில்லை, ஒரு துணிப்பை மட்டும் வைத்திருக்கிறாள்.

அதனால்தான் காலையில் எழுந்து குளித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

நான் சொன்னதைக் கொலை என்று எழுத வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வீராசாமியை நான்தான் கொன்றேன். நான் அந்தத் திட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன், ஆழம் பார்த்தேன், நாள் பார்த்தேன், அவனை அங்கே இறக்கிவிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். தண்டனை எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஒரு வரி விடாமல் சுந்தரிக்குப் படித்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும். யாரோ அவளிடம் என்னைப் பற்றி அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவளுக்கு மனசு சரியில்லை. முழுவதையும் கேட்டால் நான் அவளுக்காக எவ்வளவு செய்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அப்புறம் அவள் எங்கேயும் போக மாட்டாள். மதியச் சோறு அவளே எடுத்துக்கொண்டு வருவாள். உங்கள் கான்ஸ்டபிளை ஓட்டலுக்கு அனுப்ப வேண்டாம் ஐயா. நான் அவள் வரும்வரை பசியோடு இருக்கிறேன்.